இலையில் ஓடிய சிவப்பு

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஐம்பதுகளில், கல்யாணமான மூன்றாம் வருஷம், என் வீட்டுக்காரர் குமுளிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் வேலைக்குப் போனார். நான் கொழிஞ்சாம்பாறையில் மாமியார் வீட்டிலேயே இருந்தேன். ஜன்னலோரம் பிஸ்கட் டப்பாவில் அவர் வளர்த்த குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார். தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்று கடிதம் வந்தது. அந்தக் கோபத்தில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினேன். செடி பட்டுப்போனது.

அடுத்த கடிதத்தில் செடி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. டீச்சர் வேலை பார்த்த நாத்தனாரின் கலர்ப் பெட்டியை வாங்கி, ஒரு கெட்டி அட்டையில் அந்தச் செடியைப் பச்சைப் பசேலென்று வரைந்து பொங்கல் வாழ்த்து செய்தேன்.

“ஏனுங்க அண்ணி, செவப்பு வேண்டாமுங்களா?” என்றாள் நாத்தனார்.

“பூக்காத செடிக்குச் செவப்பு எதுக்கு?” என்றேன்.

பொங்கல் கழிந்து அவர் பதில் வந்தது. “அம்மிணி, படம் அழகா இருக்குது. எலையில செவப்பு நரம்பு ஓடுமே, அதைக் காணோம். செடி பட்டுப்போச்சா? போனாப் போகுது. சித்திரைக்கு வர்றப்ப வேற கொண்டாறேன்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தினமும் அந்த ஜன்னலில் நின்றுதான் தலை சீவினேன். ஒரு நாளும் அந்த இலையை நான் பார்க்கவில்லை.

கண்ணை மூடி அவர் முகத்தை நினைத்துப் பார்த்தேன். கன்னத்தில் ஒரு மச்சம் உண்டு. அது இடது பக்கமா, வலது பக்கமா என்று தெரியவில்லை. சித்திரைக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது.