சேனாதிபதி எந்த அத்தியாயத்தில் சாக வேண்டும்

துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்த தில்லையம்பலத்துக்கு, ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்தபின் வேலையும் போயிற்று, வாசிக்க நாவலும் இல்லாமல் போயிற்று. வேலை போனதை அவர் தாங்கிக்கொண்டார்.

சிராங்கூன் ரோட்டில் சேக் தாவூது கடையில் பழைய நாவல்களைக் கிழித்துத்தான் கருவாடு மடித்துக் கொடுத்தார்கள். தில்லையம்பலம் கருவாட்டை மனைவி கமலாம்பிகையிடம் கொடுத்துவிட்டுத் தாளைத் துடைத்துக் காயவைப்பார். அப்படியே ஒரு ராஜா ராணி நாவலை முக்கால்வாசி சேர்த்துவிட்டார். அதில் வரும் சேனாதிபதியை அவருக்குப் பிடிக்கவே இல்லை.

ஒருநாள் கடை வாசலில் நின்று உரக்கச் சொன்னார்: "அந்தச் சேனாதிபதி உயிரோட இருக்கிறதுதான் பிழை. ரெண்டாம் அத்தியாயத்திலேயே ஆளை முடிச்சிருக்க வேணும்."

யாரோ போய் வத்தி வைத்துவிட்டார்கள். மறுநாள் ஜப்பானிய ராணுவப் போலீஸ் வந்து அவரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனது.

விசாரித்த அதிகாரி மேசைமேல் வாளை வைத்திருந்தான். மொழிபெயர்க்க அலெக்சாண்டர் என்றொரு தமிழர் நின்றார்.

"எந்தச் சேனாதிபதியைக் கொல்லணும்னு சொன்னீங்க?"

"நாவலில வாறவர், தம்பி."

தில்லையம்பலம் தாள் சேர்ந்த மட்டும் கதையைச் சொன்னார். அலெக்சாண்டர் வியர்க்க வியர்க்க மொழிபெயர்த்தார். சேனாதிபதி போருக்குப் போகாமல் இளவரசியின் தோட்டத்தில் வீணை வாசிக்கும் இடம் வந்ததும் அதிகாரியின் முகம் சிவந்தது.

"அவன் சாகணும்னுதான் ஆபீசரும் சொல்றார்," என்றார் அலெக்சாண்டர், தானே நம்பாமல். "ஆனா கடைசி அத்தியாயத்துல. வெட்கப்பட்டு, தன் கையாலேயே."

அத்தோடு தலையை ஆட்டியிருக்கலாம். தில்லையம்பலத்தால் முடியவில்லை.

"கடைசியில செத்து என்ன பிரயோசனம்? அதுவரைக்கும் அந்த வீணையை நாங்களெல்லோ சகிக்க வேணும்! ரெண்டாம் அத்தியாயம்தான் எண்டு சொல்லுங்கோ."

"வேணாங்க."

"சொல்லுங்கோ, தம்பி."

சொன்னார். தில்லையம்பலத்தின் கன்னத்தில் அறை விழுந்தது. கடைவாய்ப் பல் ஒன்று ஆடிப்போயிற்று. பிறகு அதிகாரி கதவைக் காட்டினான்.

வீட்டில் ஒத்தடம் கொடுத்தபடி கமலாம்பிகை எல்லாவற்றையும் கேட்டாள்.

"அவனும் வாசிக்கத் தெரிஞ்ச மனுசன்தான்," என்றார் தில்லையம்பலம். "அத்தியாயம்தான் விளங்கேல்லை. நீர் சொல்லும், எதில சாக வேணும்?"

அவள் துணியைப் பிழிந்தாள். "அந்தத் தாளெல்லாம் நானும் வாசிச்சனான். பாவம், அவர் ஏன் சாக வேணும்? எனக்கு அந்தச் சேனாதிபதியைப் பிடிச்சிருக்கு."

அறை வாங்கியபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. அந்த வாரம் முழுக்க அவர் அவளோடு பேசவில்லை, கடைப்பக்கமும் போகவில்லை. கமலாம்பிகையே போனாள். சேனாதிபதி வரும் புத்தகம் எது என்று சேக் தாவூதுக்குக் காட்டி, அதன் மீதித் தாளில் கருவாடு வாங்கி வந்தாள்.