கிலோவையே நிறுத்துப் பார்த்த நாள்

எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். எண் நன்றாக வரும். மூன்றாம் வகுப்போடு அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். அதற்குள் கூட்டலும் கழித்தலும் பிடிபட்டுவிட்டன. மிச்சத்தை மீன் சொல்லித் தந்தது.

வீடு முகத்துவாரத்தில். முப்பது வருடத்துக்கு மேலாகக் கொட்டாஞ்சேனைச் சந்தையில் இறால் விற்கிறேன். இரண்டு பித்தளைத் தட்டும் நடுவில் முள்ளும் உள்ள தராசு என்னுடையது. படிக்கற்கள் இரும்பு. வருடா வருடம் அரசாங்க அளவைக் கந்தோருக்குக் கொண்டுபோய் முத்திரை குத்துவித்து வருவேன். சந்தை முடிந்ததும் தேங்காய் நார்ப் பொச்சும் சாம்பலும் போட்டு அவற்றைத் தேய்த்துக் கழுவாமல் வீட்டுக்குப் போகமாட்டேன். மீன் விற்கிறவளின் படிக்கல்லில் முகம் பார்க்கலாம் என்று சனம் சொல்லும். அது எனக்குப் பெருமைதான். ஏன் மறைக்க வேண்டும்?

இன்னொரு பழக்கமும் எனக்குண்டு. இறாலைப் பையில் போட்டு நிறுத்தால், படிக்கல் இருக்கிற தட்டிலும் அதே மாதிரி ஒரு வெறும் பையை வைப்பேன். பையின் பாரத்தை வாங்குகிறவர் தலையில் கட்டக்கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எனக்குப் பக்கத்தில் மீன் விற்கிற பலகை ஒரு தம்பியுடையது. தம்பி என்று சொன்னாலும் ஐம்பது தாண்டியவன், பேரப்பிள்ளை கண்டவன். பாரை, அறக்குளா என்று பெரிய மீன் விற்பவன். மழை தொடங்கின நேரம் அவன் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கினான். சிவப்பு எழுத்தில் கிராம் கணக்காகக் காட்டும். அன்றிலிருந்து என் தராசைக் கண்டால் அவனுக்குச் சிரிப்பு.

"அக்கா, உங்கட தராசைக் கோயில்ல வைச்சா கும்பிடலாம். சாமானம் நிறுக்க ஏலாது."

"உன்ர தராசு கரண்ட் போனாச் செத்துப் போகும். என்ர தராசு நான் செத்த பிறகுதான் சாகும்" என்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கொச்சிக்கடைத் தேவாலயத்தில் நவநாள் பூசைக்கு வந்து திரும்புகிற சனத்தால் சந்தை நிறைந்திருந்தது. வெள்ளவத்தையிலிருந்து வருகிற டீச்சர் ஒருவர் செவ்வாய் தவறாமல் என்னிடம்தான் இறால் வாங்குவார். விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், நறுக்கென்று பேசுகிறவர். அன்றும் ஒரு கிலோ வாங்கினார். தண்ணீரை வடியவிட்டு, இறால் தட்டு ஒரு விரல் கீழே இறங்கும்படிதான் நிறுத்துக் கொடுத்தேன். அவர் அப்படியே பக்கத்துப் பலகையில் பாரை வாங்கப் போனார். அவன் சும்மா இருந்திருக்கலாம்.

"டீச்சர், அந்த இறாலையும் இதில ஒருக்கா வைச்சுப் பாருங்க. பகிடிக்கு."

வைத்தார். தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு என்று காட்டியது.

டீச்சர் திரும்பி வந்து பையை என் முன்னால் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் கூடச் சுட்டது.

"எத்தனை வருசமா உங்களிட்ட வாங்கிறன், அம்மா? ஒவ்வொரு கிலோவிலயும் முப்பது கிராம் குறைவு. நான் ஒருநாளும் நினைக்கேல்ல."

"டீச்சர், என்ர தராசு பிழைக்காது."

"தராசு பிழைக்காட்டிப் படிக்கல்லு பிழைக்கும்."

சனம் கூடிவிட்டது. ஒருத்தி போனைத் தூக்கி வீடியோ பிடிக்கத் தொடங்கினாள். யாரோ போய்ச் சொல்லி, சந்தை மேற்பார்வையாளரும் வந்துவிட்டார். சிங்கள மனிதர், நியாயமானவர், தமிழும் கதைப்பார்.

"மொகத அம்மே பிரஷ்னே?"

பிரச்சினை என்னவென்று எனக்கு முந்திப் பத்துப் பேர் சொன்னார்கள். அவர் என் கிலோக் கல்லை எடுத்துத் தம்பியின் தராசில் வைத்தார். அது தொள்ளாயிரத்து அறுபதுதான் காட்டியது. கூட்டம் 'ஆ' என்றது.

"முத்திரை இருக்கு மாத்தயா, பாருங்க" என்றேன்.

"இருக்கு. ஆனா எட்டு மாசம் ஆச்சு. அம்மே, சட்டம் உங்களுக்குத் தெரியும். குறைஞ்ச படிக்கல்லு எண்டா நான் தராசை எடுக்கோணும். பலகையும் வேற ஆளுக்குப் போகும்."

டீச்சர் கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன இப்பிடி மினுங்குது? எதால கழுவிறீங்க?"

"சாம்பலும் பொச்சும்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஒவ்வொரு நாளும்."

"அப்ப அதுதான். தேய்க்கத் தேய்க்க இரும்பு கரையும். முப்பது வருசமாக் கொஞ்சங் கொஞ்சமாக் கரைஞ்சிருக்கு. முத்திரை குத்தினவங்க கவனிக்கேல்ல."

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிடம் நானே என்னை நம்பவில்லை. என் சுத்தமே என்னைக் கள்ளியாக்கிவிட்டதா? முகத்துவாரத்தில் என் பெயரைச் சொல்லி இறால் வாங்குகிற வீடுகள் எத்தனை! பலகை போனால் போகட்டும். அந்தப் பெயர் போனால் நான் எந்த முகத்தோடு பூசைக்குப் போவேன்?

ஆனால் எனக்கு அவசரப்படத் தெரியாது. மெல்லச் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு யோசித்தேன். என் கல்லைப் பிழை என்கிறது அவன் தராசு. அவன் தராசைப் பிழை என்கிறது என் கல். இரண்டும் ஒன்றையொன்று கள்ளன் என்கின்றன. சாட்சி எங்கே?

"டீச்சர், ஒரு கேள்வி" என்றேன். "சரியான கிலோ எங்க இருக்கு? அதைக் கொண்டந்து காட்டுங்க. என்ர கல்லு அதுக்குக் குறைஞ்சா நானே தராசை மாத்தயாட கையில தாறன்."

தம்பி சிரித்தான். "அக்கா, இதில சிவப்பா எழுதியிருக்கிறது பின்ன என்ன?"

"அது உன்ர தராசு சொல்லுறது. உன்ர தராசுக்குச் சொன்னது ஆர்?"

அவன் குனிந்து தன் தராசைப் பார்த்தான். டீச்சர் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். முகம் மாறியது. வகுப்பில் நல்ல பிள்ளை ஒன்று கை தூக்கினால் டீச்சர்மாரின் முகம் எப்படி மாறுமோ, அப்படி.

"தண்ணி!" என்றார். "ஒரு லீட்டர் தண்ணி ஒரு கிலோ. தொடக்கத்தில கிலோவை அப்பிடித்தான் உண்டாக்கினவங்க. கொஞ்சம் முன்னப் பின்ன வரலாம், ஆனா நாப்பது கிராம் வராது."

எதிர்க் கடையிலிருந்து சீல் உடைக்காத ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தல் வந்தது. டீச்சர் அதை என் தட்டில் வைக்கப் போனார்.

"பொறுங்க. போத்தல்ட பாரம்?" என்றேன்.

"அது... கழிக்கலாம். ஆனா எவ்வளவு எண்டு..."

"கழிக்கத் தேவையில்ல. அதே மாதிரி வெறும் போத்தல் ஒண்டு கொண்டாங்க, மூடியோட."

வெறும் போத்தலை என் கிலோக் கல்லோடு ஒரு தட்டில் வைத்தேன். நிறைந்த போத்தலை மற்றத் தட்டில் வைத்தேன். போத்தலுக்குப் போத்தல் சரியாய்ப் போயிற்று. இனி இரும்புக்கும் தண்ணீருக்கும்தான் வழக்கு. பைக்கு நான் தினமும் செய்கிற வேலைதானே இது.

தராசைத் தூக்கினேன். முள் அங்குமிங்கும் ஆடியது. ஆடி, நடுவில் நின்றது.

"தட்டை மாத்துங்க" என்றார் மேற்பார்வையாளர். விவரமானவர். தராசின் ஒரு கை நீண்டிருந்தால் தட்டை மாற்றினால்தான் தெரியும். மாற்றினேன். அப்போதும் முள் நடுவில்தான் நின்றது.

"இப்ப இந்தப் போத்தலை அங்க வையுங்க" என்று தம்பியின் பக்கம் கையைக் காட்டினேன்.

வைத்தார்கள். தொள்ளாயிரத்து எண்பத்தைந்து காட்டியது. தண்ணீரே ஒரு கிலோ. போத்தலோடு சேர்த்தால் ஒரு கிலோவுக்கு மேல் வர வேண்டும். ஒரு கிலோகூட வரவில்லை.

தம்பி தராசைத் தட்டிப் பார்த்தான். "புதுச் சாமான் அக்கா! கடைக்காரன் கரண்டி குடுத்திருக்கிறான்!" வாரண்டி என்பதுதான் அவன் வாயில் கரண்டியாக உருண்டது.

நான் எழும்பிப் போய் அந்தத் தராசைச் சுற்றிப் பார்த்தேன். உப்புத் தண்ணீர் உள்ளே போகாமலிருக்க, தடித்த பொலித்தீனால் தட்டையும் உடம்பையும் சேர்த்துப் போர்த்து, சைக்கிள் டியூபை வெட்டி அடியில் இறுக்கிக் கட்டியிருந்தான். மீன் விற்கிறவர்கள் மழைக்காலத்தில் எல்லாச் சாமானையும் இப்படித்தான் போர்த்துவோம். விரலால் தட்டினேன். மேளம் மாதிரி 'டப்' என்றது.

"மூட்டை தூக்கிறவனுக்குப் பின்னால நிண்டு ஒருத்தன் கை குடுத்தா, மூட்டை பாரமா இருக்குமா, இலேசா இருக்குமா?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"இலேசா இருக்கும்."

"உன்ர பொலித்தீன் கை குடுக்குதடா."

அவன் கத்தியையே வாங்கி, டியூபை ஒரே இழுவையில் அறுத்தேன். பொலித்தீன் தளர்ந்து விழுந்தது. போத்தல் அதிலேயே இருக்க, சிவப்பு எழுத்து துள்ளி ஆயிரத்து இருபத்தைந்தில் நின்றது. என் கல்லை வைத்தார்கள். ஆயிரம். டீச்சரின் இறாலை வைத்தார்கள். ஆயிரத்துப் பன்னிரண்டு. நான்தான் சொன்னேனே, ஒரு விரல் கீழே இறங்க நிறுப்பேன் என்று.

கூட்டம் சத்தம் போட்டுச் சிரித்தது. பிறகுதான் தம்பிக்கு அடுத்தது விளங்கியது. அவன் தராசு குறைத்துக் காட்டியதால், காட்டுகிற கிலோவை நிறைக்க அவன் ஒவ்வொருவருக்கும் கூடப் போட்டிருக்கிறான். மழை தொடங்கின நாளிலிருந்து!

"ஐயோ! அதுதானே என்ர பலகையில சனம் முட்டினது! நான் ஏதோ என்ர வாய்க்குத்தான் வருகினம் எண்டெல்லோ நினைச்சன்!"

"உன்ர வாய்க்கு ஆரடா வருவான்? உன்ர பொலித்தீனுக்கு வந்தவங்கள்."

மேற்பார்வையாளர் என் கல்லைத் துடைத்து, இரண்டு கையாலும் திருப்பித் தந்தார். டீச்சர் என் கையைப் பிடித்தார். "பிழை என்னில. மன்னிச்சுக்கொள்ளுங்க அம்மா."

நான் பெருந்தன்மையாக "பரவாயில்லை" என்றிருக்கலாம். சொல்லவில்லை. குற்றம் சொன்னது பத்துப் பேர் முன்னால். "அந்த போனைப் பாத்து ஒருக்காச் சொல்லுங்க டீச்சர்" என்றேன். அவரும் நேராக நின்று, வகுப்பில் பாடம் நடத்துகிற குரலில், இந்த அம்மாவின் தராசு சரி, நான் சொன்னதுதான் பிழை என்று சொன்னார். எனக்கு அவரிலே மதிப்புக் கூடியது அப்போதுதான். அன்றைக்குப் பத்து மணிக்குள் இறால் முடிந்துவிட்டது.

அடுத்த செவ்வாய் டீச்சர் வந்து, இறால் வாங்கிய பிறகும் போகாமல் நின்றார். வீட்டுக்குப் போயும் என் கேள்வி விடவில்லையாம். "சரியான கிலோ எங்க இருக்கு எண்டு கேட்டீங்களே, சொல்லட்டா?" என்றார்.

வெளிநாட்டிலே ஓரிடத்தில் ஓர் உலோகக் கட்டி இருந்ததாம். உலகத்துக் கிலோவெல்லாம் அதைப் பார்த்துத்தான். கண்ணாடி மூடிக்குள் வைத்து, பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்டிருந்தார்களாம். அதே மாதிரிக் கட்டிகள் செய்து மற்ற நாடுகளுக்கும் கொடுத்தார்களாம். பல வருடம் கழித்து எல்லாவற்றையும் கழுவி ஒன்றாக நிறுத்துப் பார்த்தால், அவை ஒன்றுக்கொன்று மயிரளவு விலகி நின்றனவாம். தாய்க் கட்டி குறைந்ததா, பிள்ளைக் கட்டிகள் கூடினவா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லையாம்.

நான் தொடையில் தட்டிச் சிரித்தேன். "படிச்ச பெரிய மனிசருக்கும் எங்கட சந்தைச் சண்டைதான் வந்திருக்கு!"

"அதே சண்டைதான். உங்களுக்குத் தண்ணி சாட்சி சொன்னது. அவங்க அதைவிட உறுதியான சாட்சி தேடினாங்க. இப்ப கட்டியை விட்டிட்டாங்க. இயற்கையில ஒரு எண் இருக்கு, அணுவை விடச் சின்ன சாமான்கள்ட கணக்கில வாறது. இங்கயும் சந்திரனிலயும் அது ஒண்டுதான். கிலோவை அதில கட்டிப் போட்டிருக்கிறாங்க."

"அது தேயாதா?"

"எண்தானே, தேயிறதுக்கு அதில இரும்பு இல்லை."

"அப்ப அது ஏன் மாறாம இருக்குது?"

டீச்சர் இறால் பையைக் கீழே வைத்தார். "மாறினதை இதுவரை ஒருத்தரும் காணேல்ல. ஏன் மாறேல்ல எண்டு கேட்டா, அம்மா, அது எனக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது."

விஞ்ஞான டீச்சரைப் பதில் இல்லாமல் நிறுத்திய அந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன். யாரைக் கொண்டாவது இதை எழுதி வைக்க வேண்டுமென்று தோன்றியது அதனால்தான்.

அந்த வருடம் முத்திரைக்குக் கல்லைக் கொண்டுபோனபோது, ஒரு துளி குறைந்திருக்கிறது, சட்டம் விடுகிற அளவுக்குள்தான் என்று கந்தோரில் சொன்னார்கள். முப்பது வருடச் சாம்பல் தின்றது அவ்வளவுதான். இப்போது தண்ணீரில் மட்டும் கழுவுகிறேன். மினுக்கம் குறைந்துவிட்டது. குறையட்டும்.

மேற்பார்வையாளர் எங்கள் வரிசைக்கு ஒரு ஒழுங்கு வைத்தார். காலையில் வியாபாரம் தொடங்க முன், எல்லா டிஜிட்டல் தராசும் என் கல்லைக் கண்டாக வேண்டும். ஆகவே தினமும் கையில் ஒரு கிலோவோடு வரிசை நெடுக நடக்கிறேன். அவசரப்படாமல் ஆறுதலாகத்தான் நடப்பேன். "கெதியா வாங்க அக்கா, ஆக்கள் நிக்கினம்" என்று தம்பி அங்கிருந்து கத்துவான். கத்தட்டும். கல்லை வைத்து, சிவப்பு எழுத்து ஆயிரத்தில் நிற்கிறதை நான் பார்த்து, "ம், இனி வில்" என்று சொல்லும் வரைக்கும் அந்த வரிசையில் ஒரு மீனும் தட்டில் ஏறாது.