டைம் அக்காவின் பதினைந்து நிமிடம்

தையல் ஆலையில் அவளுக்கு 'டைம் அக்கா' என்று பெயர். ஒரு காலர் தைக்க எத்தனை நொடி, ஒரு பட்டன் வைக்க எத்தனை நொடி என்று கழுத்தில் ஸ்டாப்வாட்சை மாட்டிக்கொண்டு அளப்பதுதான் வேலை. அவள் தலையைக் கண்டால் தையல்காரிகள் இருமக்கூட மாட்டார்கள். இப்பேர்ப்பட்டவளுக்கு வீட்டில் மூன்று வயது மகள் தண்ணி காட்டினாள். இரண்டு வாய் தின்பாள், கட்டிலுக்கடியில் போய் அங்கே கிடக்கும் செருப்பை எண்ணுவாள், வந்து ஒரு வாய் தின்பாள். ஒரு தட்டுச் சோற்றுக்கு ஐம்பது நிமிடம்.

இப்படியே போனால் குழந்தைகள் காப்பகத்தில் வேண்டாமென்று சொல்லிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். பக்கத்தில் வேறு காப்பகம் கிடையாது. அவர்கள் கைவிரித்தால் வேலைக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். பயந்தவள் பயத்தோடு நின்றிருக்கலாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, ஸ்டாப்வாட்சை வீட்டுக்கே கொண்டுவந்தாள். பதினைந்து நிமிடம். எழுந்திருக்கக் கூடாது, சிந்தக் கூடாது. "டைம் ஆச்சு, டைம் ஆச்சு!" இரண்டே வாரத்தில் தட்டு காலி. ஜெயித்துவிட்டதாக நினைத்தாள், பாவம்.

அப்போதுதான் காப்பகத்திலிருந்து சீட்டு வந்தது: 'சாப்பாட்டு விஷயமாகப் பேச வேண்டும். நேரில் வரவும்.' மறுநாள் காலை ஆலையில் ஒரே பாக்கெட் தையலை மூன்று முறை அளந்தாள், மூன்று கணக்கு வந்தது.

மதியம் அனுமதி கேட்டுக்கொண்டு ஓடினாள். காப்பகத்து டீச்சர் உட்காரச் சொல்வதற்குள் கொட்டித் தீர்த்தாள்.

"இன்னும் ஒரு மாசம் குடுங்க டீச்சர், ஒழுங்கா உக்கார வெச்சிடறேன். வெளிய மட்டும் அனுப்பிடாதீங்க."

"யாரு அனுப்பறா? அங்க பாருங்க."

ஜன்னல் வழியே பார்த்தாள். ஒரு பிள்ளை மேஜைக்கடியில் இருந்தது. ஒன்று கேரட்டைக் காதில் செருகியிருந்தது. இன்னொன்று தண்ணீரைக் கொட்டி அதில் படம் வரைந்துகொண்டிருந்தது.

"மூணு வயசுன்னா அப்படித்தாங்க. பத்து நிமிஷம் உக்காந்தாலே பெரிய விஷயம். உங்க பொண்ணு ஒருத்திதான் எந்திரிக்கறதே இல்ல. மெல்லாம முழுங்கறா. நேத்து புரையேறி மூச்சு திணறிடுச்சு. அப்பவும் என் கையப் புடிச்சுக்கிட்டு 'டைம் ஆச்சா?'ன்னு கேக்கறா. வீட்ல என்னதான் பண்றீங்க?"

அவளுக்கு ஆலைதான் ஞாபகம் வந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்தவளை மூன்று மாதம் அளக்கக் கூடாது என்பது விதி. மேலாளரோடு மல்லுக்கு நின்று அந்த விதியை எழுத வைத்ததே அவள்தான். பெற்ற பிள்ளை விஷயத்தில் அது தோன்றவில்லையே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

மாலையில் வாட்சை ஆலை டிராயரிலேயே போட்டுவிட்டு வந்தாள். தட்டை வைத்ததும் மகள் அம்மாவின் வெறும் கழுத்தைப் பார்த்தாள்.

"டைம் ஆச்சாம்மா?"

"உனக்கு டைம் கிடையாதுடி கண்ணு. நீ புது ஆளு."

மகள் நம்பவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மட்டும் இறக்கிவிட்டு அம்மா முகத்தையே பார்த்தாள். இன்னொரு காலும் இறங்கியது. அப்புறம் சோற்றைச் சிந்திக்கொண்டே ஒரே ஓட்டம்.

"ஒன்னு, ரெண்டு, அஞ்சு..." கட்டிலுக்கடியில் மகள் செருப்பை எண்ணத் தொடங்கினாள். மேலே அம்மாவின் உதடும் தன்பாட்டுக்கு நொடியை எண்ணிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்று வந்தபோது அந்த உதட்டை அவள் கடித்துக்கொண்டாள்.