வெள்ளை வட்டம் போட்ட ஏரோப்பிளேன்

வஜ்ஜிரம் கொதிக்கும்போது எழும் நாற்றம் லேசில் மூக்கை விட்டுப் போகாது. மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுத்த அந்தப் பசையில் வண்ணப் பொடியைக் குழைத்துத்தான் அந்தக் காலத்துப் போட்டோ ஸ்டுடியோக்களில் ஆளுக்குப் பின்னால் தொங்கும் ‘ஸ்கிரீன்’ துணியில் படம் எழுதுவார்கள். நாங்கள் இருவரும் தங்கிப் படித்தது கள்ளக்குறிச்சியில், சித்தப்பா வீட்டில். அவர் நடத்திய ஸ்டுடியோவின் பின்பக்கத்தில் என் அக்கா செல்வி அதைக் கிண்டிக்கொண்டிருக்க, துணி காயுமா, மழை வருமா, அப்பா வருவதற்குள் முடியுமா என்று மூன்று கவலைகளோடு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்பதாம் வகுப்பிலேயே கவலைகளை எண்ணி வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

அந்தத் திரையில் முன்பு ஓர் அரண்மனையும் தாமரைக் குளமும் இருந்தன. அரண்மனை வெளிறிப்போனதால் புதிதாக ஏதாவது எழுதச் சொன்னார் சித்தப்பா. பழைய பேப்பர் கட்டில் அகப்பட்ட ஒரு வெளிநாட்டுக் காலண்டரை அக்கா எடுத்துக்கொண்டாள். முதல் உலகப் போரின் சண்டை விமானங்களை யாரோ ஓர் ஓவியர் அதில் பக்கத்துக்குப் பக்கம் வரைந்திருந்தார். மொத்தம் பதினாறு விமானங்கள். முகம் தெரிந்த விமானிகள் ஒன்பது பேர். மேல்மூடி இல்லாத குழிக்குள், தோல் தொப்பியும் பெரிய கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, கழுத்துத் துணி பின்னால் படபடக்க உட்கார்ந்திருந்த அவர்களில் பாதிப் பேருக்கு மீசைகூடச் சரியாக முளைத்திருக்கவில்லை. சுடுகிற படங்களை, புகைந்து விழுகிற படங்களை எல்லாம் தள்ளிவிட்டு, மாலை வெளிச்சத்தில் தாழப் பறந்து இறங்குமிடம் தேடும் ஒரு விமானத்தை அக்கா தேர்ந்தெடுத்தாள். வானமும் இறக்கைகளும் திரையில். விமானத்தின் உடல் ஒரு பலகையில். பலகைக்குப் பின்னால் முக்காலியில் உட்காருபவர்தான் விமானி.

அப்பா மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போடுகிறவர். பன்னிரண்டாவது முடித்திருந்த அக்காவுக்கு மெட்ராசில் ஓவியம் படிக்க ஆசை. அப்பாவோ ஒரு வரன் பார்த்து வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப அவளைப் படமெடுத்து, அன்று மாலையே ஊருக்கு அழைத்துப்போக வந்தவர், பாதி வானத்துக்குள் முழுகிக் கிடந்த அரண்மனையைப் பார்த்தார்.

“இன்னாடா தம்பி இது? பொண்ணு போட்டோவுக்குப் பின்னால சண்ட ஏரோப்பிளேன் நின்னா எவன்டா கட்டிக்க வருவான்?”

“வர்றவன் தைரியசாலியா இருப்பாண்ணே,” என்றார் சித்தப்பா.

அப்பா சிரிக்கவில்லை. அழித்துவிட்டுக் குளத்தையே எழுதச் சொன்னார். ஆனால் அன்று மதியமே பஸ் நின்றுபோனது. இடஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் புளிய மரங்களை வெட்டிச் சாலைகளுக்குக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். எங்கெங்கோ குடிசைகள் எரிவதாகச் செய்தி வந்தது. போட்டோ எடுத்தாலும் அனுப்ப வழியில்லை என்பதால் குளத்துக்கு அவசரமில்லாமல் போயிற்று. அக்கா விமானத்தைத் தொடர்ந்தாள். அப்பா வாசலில் உட்கார்ந்து, காய்ந்துகொண்டிருக்கும் கரும்பை நினைத்துப் பெருமூச்சு விட்டார்.

சிக்கல் வண்ணத்தில் வந்தது. காலண்டர் விமானம் நல்ல சிவப்பு.

“செவப்பு வேணாம்மா, அந்தக் கட்சின்னுவான். மஞ்ச அடிச்சா இந்தக் கட்சின்னுவான். நேரம் சரியில்ல, கண்ணாடிய ஒடச்சிட்டுப் பூடுவான்,” என்றார் சித்தப்பா.

“அப்ப எந்தக் கலர்ல தான் பறக்கறது சித்தப்பா?”

கடைசியில் ஏரி வண்டல் நிறத்தில் விமானம் எழுந்தது. எந்த நாட்டு விமானம் என்று காட்ட இறக்கையில் இருக்க வேண்டிய மூவண்ண வட்டத்துக்கு மட்டும் எந்த நிறமும் அடிக்கத் துணியவில்லை. ஊர் அடங்கட்டும் என்று வெறும் வெள்ளையாக விட்டார்கள்.

விளக்கு சரியாக விழுகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் யாரும் வராத நாள் அது. சித்தப்பா நச்சரித்து அப்பாவையே முக்காலியில் உட்கார வைத்து, துண்டைக் கழுத்தில் சுற்றிவிட்டார். அப்பா தலையைத் திருப்பி இறக்கைகளைப் பார்த்தார்.

“இவ்ளோ கம்பி எதுக்கு? குறுக்கும் நெடுக்குமா?”

“கரும்பு வண்டில பாரத்துக்குக் குறுக்கால கயிறு போட்டு இறுக்கலன்னா இன்னாப்பா ஆவும்?”

“சாஞ்சிடும்.”

“ரெக்கையும் அப்டித்தாம்பா.”

“காலண்டர்ல பதினெட்டு, இதுலயும் பதினெட்டு,” என்றேன் நான். யாரும் கேட்கவில்லை.

அப்பா பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “இவன் எங்க போய்க்கினு இருக்கான்?” என்றார்.

“சண்ட முடிஞ்சி வூட்டுக்குத் திரும்பிக்கினு இருக்காம்பா.”

வீட்டுக்குப் போக வழியில்லாமல் உட்கார்ந்திருந்த மனிதர் கழுத்துத் துண்டைத் தடவிக்கொண்டார்.

“இதுக்குப் படிப்பு மெட்ராஸ்ல தான் இருக்குதா?”

“ஆமாம்பா.”

“பஸ் வுடட்டும், போய்க் கேட்டுக்கினு வரலாம். மாப்ள வூட்டுக்கு நான் சொல்லிக்கிறேன்.”

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா படமெடுத்துவிட்டார்.

சாலை திறந்த பிறகு அந்த விமானத்தில் ஏறாதவர்கள் குறைவு. மறியலுக்குப் போய் வந்தவர்கள், சேரியிலிருந்து வந்த கரும்பு வெட்டும் குடும்பங்கள், வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் இறங்கியவர்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள். யாரோ அதன் மூக்குக்குக் குங்குமம் வைத்து, பலகைச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டுப் போனார்கள். இது எந்தக் கட்சி ஏரோப்பிளேன் என்பதுதான் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி. “ஒக்காந்தா ஒங்க கட்சி,” என்பார் சித்தப்பா. வட்டம் கடைசிவரை வெள்ளையாகவே இருந்தது.

இன்று ஸ்டுடியோ இருந்த இடத்தில் செல்போன் கடை. திரையைக் கரையான் தின்றது. காலண்டர் எங்கே போனதென்று தெரியவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் இல்லை. துண்டு சுற்றிய விமானியின் படம் மட்டும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

அக்கா வெள்ளிமலையில் ஓவிய ஆசிரியை. போன மாதம் பஸ் மலையேறும்போது வளைவுகளை எண்ணிக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். பள்ளிச் சுவரில் பிள்ளைகளோடு சேர்ந்து அதே விமானத்தை எழுதியிருந்தாள், வெள்ளை வட்டத்தோடு. கம்பிகளை எண்ணினேன். பதினேழு. மனசு கேட்கவில்லை, மறுபடி எண்ணிவிட்டு அவளிடம் சொன்னேன்.

“இன்னும் எண்ணிக்கினுதான் இருக்கியாடா,” என்று தூரிகையை என் கையில் கொடுத்தாள். பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்க, பதினெட்டாவது கம்பியை நான் போட்டேன். கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் இறக்கை சாயாது.