பிரோஷ்கா மேடமும் சுகர் லேண்ட் செல்லோக்காரர்களும்

ஹல்மோஷ் பிரோஷ்கா, ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்டுக்குக் குடிவந்ததற்குக் காரணம் ஒரு ஏசி.

புடாபெஸ்டில் ஒரு பெரிய இசைக்குழுவில் பல வருடம் செல்லோ வாசித்தவர் அவர். செல்லோ என்பது வயலினுக்குப் பெரியக்கா மாதிரி. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லால் இழுத்து வாசிக்க வேண்டும். பிறகு அவர் இன்னும் மூன்று பெண்களோடு நால்வர் குழு அமைத்து ஐரோப்பா முழுக்கச் சுற்றினார். அப்படியே அமெரிக்காவுக்கும் வந்தார்கள். டெக்சஸுக்குள் நுழைந்தபோது ஆகஸ்ட் மாதம். வாடகை வேனில் முதல் வயலின்காரிக்குக் குளிர்ந்தது. இரண்டாம் வயலின்காரிக்கு வியர்த்தது. ஏசியை ஏற்றுவதும் இறக்குவதுமாகத் தொடங்கிய சண்டை, யார் யாருடைய தாளத்தை எந்த ஊரில் கெடுத்தார்கள் என்பதுவரை போனது. ஹூஸ்டனுக்குச் சற்று முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் முதல் வயலின்காரி வாத்தியத்தோடு இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் கச்சேரியை மூன்று பேராக ஒப்பேற்றினார்கள். மற்ற இருவரும் ஊர் திரும்பினார்கள். கச்சேரி நடத்திய இசைப்பள்ளி, இங்கேயே சொல்லிக்கொடுக்க வருகிறீர்களா என்று பிரோஷ்காவைக் கேட்டது. புடாபெஸ்டில் அவருக்காக யாரும் காத்திருக்கவில்லை. கணவரும் செல்லோக்காரர்தான், ஒரு வீட்டில் இரண்டு செல்லோ தாங்காது என்று எப்போதோ பிரிந்தாயிற்று. சரி என்றார்.

அடுத்த வருடமே அவருக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது. அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கென்று தனி வரிசை இருக்கிறதாம்.

இந்தச் செய்தி சுகர் லேண்ட் தமிழர்களிடையே பரவியபோது ஏற்பட்ட அதிர்ச்சியைச் சொல்லி முடியாது. பிள்ளை பிறந்த வருடம் அப்ளை பண்ணி, அந்தப் பிள்ளை கார் ஓட்டப் பழகும்வரை வரிசையில் நிற்பவர்கள் எங்களில் பலர். "செல்லோ வாசிச்சா கிரீன் கார்டா?" என்று ஒருவர் கேட்க, "காலேஜ் அட்மிஷனுக்கும் நல்லதாம்பா, வயலின்ல கூட்டம் ஜாஸ்தி, இதுல காம்பெடிஷன் கம்மி" என்று இன்னொருவர் சொல்ல, அந்தக் கோடை விடுமுறைக்குள் பிரோஷ்காவின் வீட்டு வாசலில் மினிவேன்கள் வரிசை கட்டின.

அப்படி வந்தவர்தான் நெடுஞ்செழியன். எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் வேலை. சொந்த ஊர் கரூர். மனைவி சண்முகப்ரியா, மகள் வான்மதி இருவரையும் அழைத்து வந்திருந்தார்.

"ஹல்மோஷ் என்பது என் குடும்பப் பெயர். எங்கள் ஊரில் அதைத்தான் முன்னால் சொல்வோம். இங்கே எல்லாக் காகிதத்திலும் திருப்பிப் போட்டுவிட்டார்கள்" என்று பிரோஷ்கா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

நெடுஞ்செழியனுக்கு மனம் உருகிவிட்டது. "மேடம், எனக்கும் அதே கதைதான். கிட்டுசாமிங்கறது எங்கப்பா. ஆபீஸ்ல எல்லாரும் என்னைத்தான் மிஸ்டர் கிட்டுசாமின்னு கூப்பிடறாங்க" என்று ஆங்கிலத்தில் விளக்கினார். பிறகு தயங்கித் தயங்கி, அசாதாரணத் திறமை வர எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டார்.

"ஆறு வயதில் ஆரம்பித்தேன். முப்பது வருடம் ஆயிற்று."

நெடுஞ்செழியன் மனைவி பக்கம் திரும்பினார். "முப்பதுதானாம் ப்ரியா. நம்ம க்யூவை விடச் சீக்கிரம்."

ஆனால் வான்மதிக்குச் செல்லோ ஒட்டவில்லை. பிரோஷ்கா முதல் சில வாரங்களுக்கு வில்லையே தரமாட்டார். வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு நேராக உட்காரவும், ஒற்றைத் தந்தியை விரலால் சுண்டவும் மட்டுமே பாடம். "அம்மா, ஐ ஜஸ்ட் ஹக்ட் எ பாக்ஸ் ஃபார் என் அவர்" என்று காரில் புலம்பினாள் வான்மதி. வில் கைக்கு வந்த பிறகு நிலைமை இன்னும் மோசம்.

சண்முகப்ரியா வகுப்பு முடியும்வரை சோபாவில் உட்கார்ந்திருப்பார். கோபிசெட்டிபாளையத்துக்காரர், மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். சங்கீதம் கற்றவரில்லை. ஆனால் மகள் ஒரு சுரத்தைத் தவறவிட்டால் அவரை அறியாமலே வாயிலிருந்து "ச்சு" என்று ஒரு சத்தம் வந்துவிடும். ஒரு நாள் அப்படி மூன்றாவது "ச்சு" வந்தபோது பிரோஷ்கா பென்சிலைக் கீழே வைத்தார்.

"அந்தச் சத்தம் யார்?"

"சாரி மேடம், இனிமே பேசவே மாட்டேனுங்க" என்று பதறித் தமிழிலேயே சொல்லிவிட்டார் சண்முகப்ரியா.

பிரோஷ்கா தன் செல்லோவில் ஒரு வரியை வாசித்தார். வேண்டுமென்றே ஓர் இடத்தில் முடியளவு பிசகவிட்டார். "ச்சு." மறுபடி வாசித்து, வேறோர் இடத்தில் பிசகினார். "ச்சு."

"நீ இங்கே வா," என்று சண்முகப்ரியாவைப் பார்த்துச் சொன்னார். "பெண்ணே, நீ சோபாவுக்குப் போ. வீட்டுப்பாடம் எழுது."

"ஓ மை காட், யெஸ்!" என்றாள் வான்மதி.

வீட்டில் சண்முகப்ரியாவின் பயிற்சிக்குச் சமையலறைதான் தோதான இடம். பக்கத்து அறையில் நெடுஞ்செழியனுக்கு ஆபீஸ் மீட்டிங். முதல் வாரம் மேனேஜர், "உன் வீட்டருகே துறைமுகம் இருக்கிறதா?" என்று கேட்டார். அடுத்த வாரம், மாடு ஏதாவது வளர்க்கிறாயா என்று மிகுந்த அக்கறையோடு விசாரித்தார்.

"ஏங்க, நான் வேணா கராஜுக்குப் போகட்டுங்களா?" என்றார் சண்முகப்ரியா.

"வேண்டாம் ப்ரியா, அங்க எக்கோ அடிக்கும். தெருவே கேட்கும்."

சில மாதங்களில் மாட்டுச் சத்தம் மனிதக் குரல் போல ஆனது. நெடுஞ்செழியன் மைக்கை மியூட் செய்ய மறந்துபோக ஆரம்பித்தார்.

பிரோஷ்காவும் மற்றப் பெற்றோர்களைச் சோபாவிலிருந்து பொறுக்க ஆரம்பித்தார். காலால் சரியாகத் தாளம் போடுபவர், பிள்ளைக்கு முன்பே பாட்டை முணுமுணுப்பவர் என்று ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டார்கள். நாகர்கோவில்காரரான சாந்தகுமார் சர்ச் பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுபவர்; பெரிய உடம்பு, பெரிய கை. மகனைக் கூப்பிட வந்தவர் வாசலில் நின்று "மேடம், டைம் ஆயிட்டா?" என்று கேட்ட குரலைக் கேட்டே பிரோஷ்கா அவரைச் சேர்த்துக்கொண்டார். இப்படி பிரோஷ்காவோடு சேர்த்து எட்டுப் பேர். புடாபெஸ்டில் தன்னிடம் படித்தவர்கள் எல்லாம் பரீட்சைக்காக வந்தார்கள், இவர்கள் தினம் அரிசி களைந்துவிட்டு வந்து வாசிக்கிறார்கள் என்று பிரோஷ்கா ஊரிலிருக்கும் தங்கையிடம் போனில் ஆச்சரியப்படுவாராம்.

பொங்கல் விழாவில் வாசிக்க அழைப்பு வந்தது. பிரோஷ்கா விழாக்குழுவுக்கு ஒரே ஒரு நிபந்தனை அனுப்பினார்: கை வைக்காத நாற்காலிகள் வேண்டும், கை இருந்தால் வில் இடிக்கும்.

அன்று பெண்கள் பட்டுச்சேலையில் வந்தார்கள். பிரோஷ்காவுக்கும் சண்முகப்ரியா ஒரு நீலச் சேலை கட்டிவிட்டிருந்தார். உட்கார்ந்து முழங்காலை விரித்துப் பார்த்த பிரோஷ்கா, "இத்தனை வருடம் கறுப்புப் பாவாடையில் எதற்குக் கஷ்டப்பட்டேன்?" என்று கேட்டார். சாந்தகுமார் இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் வெல்க்ரோ வைத்த வேட்டி அணிந்திருந்தார்.

திரை விலகியது. நாற்காலிகளுக்குக் கை இல்லைதான். ஆனால் ஒரு தன்னார்வலர் தன் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த நாற்காலிகள் அவை. எல்லாவற்றுக்கும் சக்கரம் இருந்தது.

முதல் நீள வில்லை இழுத்ததுமே எட்டுப் பேரும் மெல்ல இடப்பக்கம் நகர்ந்தார்கள். வில்லைத் தள்ளியதும் வலப்பக்கம் வந்தார்கள். மேடையோ மெழுகு போட்டுப் பளபளத்தது. கூட்டம் இதை நடன அமைப்பு என்று எண்ணிக் கைதட்டியது, பின்வரிசையில் விசில். சாந்தகுமார் கனமானவர் என்பதால் கிளம்பினால் நிற்கவில்லை. திரைச்சீலையை நோக்கி ஊர்ந்துகொண்டே வாசித்தவரை, தன் வரியை விடாமல் ஒரு காலை நீட்டித் தடுத்து நிறுத்தினார் பிரோஷ்கா. நின்ற வேகத்தில், எட்டு மைக்குகளிலும் கேட்கும்படி 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். வெல்க்ரோ.

பாட்டு ஒருவழியாக முடிந்தது. ஏழு பேர் எழுந்து வணங்கினார்கள். சாந்தகுமார் செல்லோவைக் கட்டியணைத்தபடி உட்கார்ந்தே இருந்தார்.

"அண்ணன் உணர்ச்சிவசப்பட்டு எழுந்திரிக்க முடியாம இருக்காரு! பலத்த கரகோஷம்!" என்றார் நிகழ்ச்சித் தொகுப்பாளர். "அடுத்து, டின்னர் ஓப்பன்!"

பிரோஷ்கா மைக்கை வாங்கினார். முகம் சிவந்திருந்தது. சிரிப்பை அடக்குகிறாரா, அழுகையா என்று சண்முகப்ரியாவுக்குப் புரியவில்லை. "இதுவரை ஒத்திகை," என்றார். "கச்சேரி இப்போதுதான்."

நாற்காலிகளைத் தள்ளிவிட்டு, மேடையின் விளிம்பிலேயே எல்லோரையும் வரிசையாக உட்காரவைத்தார். கால்கள் தரையில் ஊன்றின. அதற்குள் யாரோ ஒரு சால்வையைக் கொடுத்து சாந்தகுமாரை மீட்டிருந்தார்கள். பாதிக் கூட்டம் சாப்பாட்டு வரிசைக்குப் போயிருந்தது. அவர்கள் வாசிக்க ஆரம்பித்தார்கள். மெதுவான பாட்டு. போனவர்கள் தட்டோடு திரும்பி வந்து சுவரோரம் நின்றார்கள். சண்முகப்ரியாவுக்குத் தனியாக ஒரு வரி இருந்தது. ஓர் இடத்தில்கூட சுரம் பிசகவில்லை. "தட்ஸ் மை மாம்," என்று வான்மதி தோழிக்குச் சொன்னது மேடைவரை கேட்டது.

முடிந்ததும் பிரோஷ்கா நேராகச் சாப்பாட்டு மேசைக்குப் போனார். ஒரு வடையை எடுத்துக்கொண்டார். "எங்கள் ஊரில் மெதுவான பாட்டு வந்தால் அரங்கம் முழுக்க இருமுவார்கள்," என்றார். "இங்கே ஒருவர்கூட இருமவில்லை. எல்லோர் வாயிலும் பொங்கல்." அதன் பிறகுதான் சிரித்தார். சிரிக்க ஆரம்பித்தவரை நிறுத்த இரண்டு டம்ளர் தண்ணீர் தேவைப்பட்டது.

இப்போது இர்விங், ஆஸ்டின் என்று டெக்சஸ் முழுக்கக் கல்யாண வரவேற்புகளுக்கெல்லாம் அழைக்கிறார்கள். சிலர் சக்கர நாற்காலி ஐட்டமும் வேண்டும் என்று கேட்கிறார்கள்; பிரோஷ்கா போனை வைத்துவிடுகிறார். இசைப்பள்ளி வேலையை விட்டுவிட்டு, நாற்பது வயதுக்குக் கீழ் சேர்க்கை இல்லை என்று அறிவித்துவிட்டார். போன வாரம் ஒரு பெண் வந்து தனக்கு நாற்பது என்றாள். பிரோஷ்கா அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தனை வருடமாக நாற்பது?"

"அடுத்த வருஷத்துலேருந்து மேடம்," என்றாள் அவள்.

சேர்த்துக்கொண்டார்.