அண்ணன் கிழிக்க வேண்டிய தாள்

அண்ணனுக்கு அப்போது நாற்பது வயது. பிறவியிலேயே மூளை வளர்ச்சி குறைவு. பேச்சு பத்துப் பன்னிரண்டு சொல்தான். சாதுவாக இருந்தவர் அந்த வருஷம் காலையில் எழுந்ததும் தட்டை எறியவும், தன் மணிக்கட்டையே கடிக்கவும் ஆரம்பித்தார். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள். கம்பத்திலிருந்து வந்த சித்தப்பா, மாதக் கடைசியில் மனநோய் ஆஸ்பத்திரியில் விட்டுவிடுவதென்று முடிவே சொல்லிவிட்டார். அங்கே போனவர் யாரும் எங்கள் வண்டன்மேட்டுக்குத் திரும்பியதாக எனக்குத் தெரியாது.

கவர்மெண்ட் டாக்டர் மலையாளி. "கோபம் வரும் முன்னே எந்து நடந்தது, பின்னே எந்து நடந்தது, தினம் எழுதிக் கொண்டு வா. உன் அபிப்பிராயம் வேண்டா" என்றார்.

நான் ஏலக்காய் ஸ்டோரில் குமாஸ்தா. நோட்டு எதற்கு? தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளை விடியுமுன் கிழித்து வைத்துக்கொண்டேன். பின்பக்கம் வெள்ளை, முன்பக்கத் தேதியோடு ஒன்றைக் கூட்டினால் அன்றைய தேதி. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

தட்டு இப்போது தினமும் பறந்தது.

"எழுத எழுதக் கூடுதேடா! பேனாவ மூடு மொதல்ல" என்றார் சித்தப்பா.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு நாலைந்து நாள் முன்பு, என் மனைவி தாள்களை அடுக்கிக்கொண்டே படித்தாள்.

"ஏங்க, எல்லாத்துலயும் 'முன்னால் ஒன்றும் நடக்கவில்லை'ன்னு எழுதிட்டு, கீழ 'எழுந்தார், சுவரைப் பார்த்தார், தட்டை எறிந்தார்'னு எழுதியிருக்கீக. செவத்துல என்ன இருக்கு?"

"காலண்டர்."

"தாள் கிழிக்கிறது யாரு வேல?"

இருபது வருஷமாக அண்ணன் வேலை. வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே உத்தியோகம். அந்த வருஷம்தான் முதலாளி என்னை ஏலத்துக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார். ஊரில் பகுத்தறிவு பேசும் நான், ஏல நாட்களில் மட்டும் அண்ணன் எழுமுன் தாளைக் கிழித்து ராகுகாலம் பார்த்துவிட்டுக் கிளம்புவேன். வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள்.

மறுநாள் யாரும் காலண்டரைத் தொடவில்லை. அண்ணன் எழுந்தார், சுவரைப் பார்த்தார், கிழித்தார். நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இட்லி?" என்றார்.

"மூணு நாளா ஒரு தட்டுகூடப் பறக்கலையேடா" என்று குறைப்பட்டுக்கொண்டே சித்தப்பா தனியாக பஸ் ஏறினார்.

இப்போதும் ஏல நாட்களில் ராகுகாலம் தெரியாமலேதான் போகிறேன். அண்ணன் எழுந்திருக்க ஏழு மணியாகிறது.