திருப்புளி அக்காவும் பதினோரு வருடப் பெட்டியும்

“மூஞ்சிய மட்டும் தொடச்சு வெச்சா ஆச்சா? முதுகை யாரு பாக்கறது?”

கடை திறந்ததும் திருப்புளி அக்காவின் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை இதுதான். ரிப்பேருக்கு வருகிற கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் முன்னால் பளபளப்பும் பின்னால் ஒட்டடையுமாகத்தான் வரும். அக்கா திட்டாமல் விட்டதில்லை, துடைக்காமலும் விட்டதில்லை.

அன்றைக்கு வந்தது ஒரு தையல்காரம்மாவின் பதினோரு வருடப் பெட்டி. கூடவே அவளும் அவள் வீட்டுக்காரரும். அவள் போட்ட பூவேலை டிசைன் அத்தனையும் அதற்குள் இருந்தது. டிசைன் போடுகிற புரோகிராமோ வேறு எந்தப் பெட்டியிலும் ஓடாது. புதிதாக வாங்கிய எம்பிராய்டரி மெஷினுக்கு ஒரு பென்டிரைவ் கொடுத்திருந்தார்கள். அதன் மூக்கு டைப்-சி. பெட்டியில் அதற்கேற்ற வாய் இல்லை. இருந்த பழைய யூஎஸ்பி வாய்களும் ஆட்டம் கண்டு, எதைச் சொருகினாலும் துப்பின.

“சாயங்காலம் பழைய சாமான்காரர் வர்றாரு. அதுக்குள்ள சரியாகலன்னா எடைக்குப் போட்டுடலாம்,” என்றார் வீட்டுக்காரர்.

“இவருக்கென்ன, வாய் வலிக்காம சொல்லுவாரு. என் பொழப்பே அதுக்குள்ளதான் இருக்குக்கா!”

அக்கா பெட்டியைத் திறந்தாள். தூசியைத் தட்டினாள். புது யூஎஸ்பி, டைப்-சி வாய்கள் வைத்த கார்டு ஒன்றை உள்ளே காலியாக இருந்த நீளப் பள்ளத்தில் அழுத்தி உட்கார வைத்தாள்.

சொருகிப் பார்த்து, வேலை செய்த பிறகே மூடியைப் போடுவது அவள் வழக்கம். ஆனால் வீட்டுக்காரர் “ஆச்சா? ஆச்சா?” என்று காதைக் குடைந்துகொண்டே இருந்தார். அக்காவுக்கு வீம்பு ஏறிவிட்டது. மூடியைப் போட்டு, திருப்புளியால் நாலு ஸ்க்ரூவையும் முறுக்கி, “ம், சொருகுங்க!” என்றாள்.

சொருகினார்கள். பென்டிரைவ் ஏன் என்று கேட்கவில்லை.

வீட்டுக்காரர் ஃபோனை எடுத்தார். “சாமான்காரர இப்பவே வரச் சொல்லிடறேன்.”

தையல்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. கார்டுக்குத் தனியாக ஒரு பவர் ஒயர் கொடுக்க வேண்டும். அவசரத்தில் மறந்திருந்தாள்.

“ஃபோன வைங்கண்ணே. தப்பு பெட்டி மேல இல்ல, என் மேல. சோறு போடாம வேலை வாங்கப் பாத்தேன்.”

மறுபடி நாலு ஸ்க்ரூ. உள்ளே பார்த்தால் ஒரு ஒயர்கூட மிச்சமில்லை.

“தங்கச்சி, இந்த சிடி டிரைவ் ஓடுதா?”

“அஞ்சு வருஷமா வாயே தொறக்கலக்கா.”

“அப்போ சும்மா உக்காந்து தின்னுட்டிருக்கு. வீட்டுக்கு ஒண்ணு இப்படி இருக்கத்தான் செய்யும்.”

தையல்காரம்மா வீட்டுக்காரர் பக்கம் திரும்பாமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

அந்த ஒயரைப் பிடுங்கி அக்கா கார்டில் மாட்டினாள். மூடியைத் தொடவேயில்லை. பென்டிரைவில் குட்டி விளக்கு எரிந்தது. ரோஜாவும் மயிலும் ஒவ்வொன்றாய் அதற்குள் இறங்க ஆரம்பித்தன. தையல்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

சாயங்காலம் பழைய சாமான்காரருக்குக் கிடைத்தது அந்த சிடி டிரைவ் மட்டும்தான்.

உங்கள் வீட்டிலும் பழைய பெட்டி இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். செருப்புக் கடைக்குப் பக்கத்தில், மாடிப்படிக்குக் கீழே அக்கா இருப்பாள், ஒருமுறை போய்ப் பாருங்கள். முதுகைத் துடைத்துவிட்டுக் கொண்டு போங்கள். இல்லையென்றால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.